சுண்டிக்குளம் முதல் நெடுந்தீவு வரை: சரணாலயங்களைப் பராமரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால், பண்ணைப் பாலத்திலும் பொன்னாலைப் பாலத்திலும் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுப் பறவை பார்க்கிறவர்களைக் காணலாம். அவர்கள் கேட்கிற கேள்விகளும் மெல்ல மாறி வருகின்றன. முன்பெல்லாம் "இது என்ன பறவை?" என்றுதான் கேட்பார்கள். இப்போது "இந்த இடத்தை ஆர் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்றும் கேட்கிறார்கள். இங்கே இருப்பவை அந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்கான பதில்கள். நான் திணைக்கள உத்தியோகத்தன் இல்லை. பரவைக் கடல் என்று நாங்கள் சொல்லும் ஆழம் குறைந்த கடல்நீரேரியின் கரையில் வளர்ந்தவன். பறவை பார்க்கப் போய், அந்த வேலை செய்கிறவர்களோடும் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களோடும் பழகி அறிந்ததை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணப் பக்கம் பாதுகாக்கப்பட்ட இடங்கள் எவை?

முதலில் சொல்ல வேண்டியது சுண்டிக்குளம். 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 2015 ஜூன் 22ஆம் திகதி அதைத் தேசியப் பூங்காவாக உயர்த்தி, பரப்பையும் 19,565 ஹெக்டேயராகப் பெருப்பித்தார்கள். அதே நாளில் நெடுந்தீவில் 1,846 ஹெக்டேயர் தேசியப் பூங்காவானது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் கூட அது. அடுத்த வருடம் வடமராட்சி கிழக்கில் நாகர்கோவிலும், மன்னார்ப் பக்கம் விடத்தல்தீவும் இயற்கை ஒதுக்கங்களாகின. மன்னாரின் வங்காலை 2008இலேயே சரணாலயமாகி, 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

இவ்வளவும் ஏன் ஒரே காலத்தில் வந்தன என்றால், போர் முடிந்த பிறகு வட மாகாணம் முழுவதுக்கும் ஒரு சூழல் மதிப்பீடு செய்தார்கள். எங்கே வீடு கட்டலாம், எங்கே தொழிற்சாலை போடலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று பார்த்து, அறிக்கை 2014இல் வந்தது. புதிய எல்லைகள் அந்த வேலையை ஒட்டி வந்தவை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பண்ணை, அரியாலை, நாவற்குழி, சரசாலைக் குருவிக்காடு, தொண்டைமானாற்றுக் கரை என்று நீங்கள் பறவை பார்க்கப் போகும் இடங்களில் பெரும்பாலானவை இந்தப் பெரிய எல்லைகளுக்கு வெளியே கிடக்கின்றன. பறவைக்கு வர்த்தமானி தெரியாது. காலையில் ஒரு சேற்றுவெளியில் மேய்ந்துவிட்டு, நீர் ஏறியதும் பத்துக் கிலோமீற்றர் தள்ளி இன்னொன்றில் போய் நிற்கும். ஆகவே எல்லைக்குள் மட்டும் வேலை செய்து எல்லைக்குள் இருப்பதைக்கூடக் காப்பாற்ற முடியாது.

சரணாலயம், தேசியப் பூங்கா, இயற்கை ஒதுக்கம்: வித்தியாசம் என்ன?

எல்லாம் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. அந்தத் திணைக்களம் தொடங்கியது 1949இல். சுருக்கமாகச் சொன்னால், தேசியப் பூங்காவும் இயற்கை ஒதுக்கமும் அரச காணியில் மட்டுமே அமையலாம். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். மனிதர் அங்கே குடியிருக்கலாம், தோட்டம் செய்யலாம், விலங்குக்கும் அதன் கூட்டுக்கும் கேடு செய்யாத வரைக்கும். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியோடுதான் போகலாம், அதுவும் பார்க்கவும் ஆராயவும்தான்.

பலருக்குத் தெரியாத ஒரு பிரிவும் உண்டு. தேசியப் பூங்கா போன்ற ஒதுக்கங்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை எதுவும் செய்வதானால் அந்தத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முதலில் வேண்டும். ஹோட்டல் கட்டக் காணி வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

அங்கே வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்?

விலங்குக்குச் சாப்பாடு போடுவார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது மிருகக்காட்சிச்சாலை வேலை. இங்கே வேலையில் பாதி நடை. எல்லைக்கல் இருக்கிறதா, ஆராவது பிடுங்கி நகர்த்தினார்களா, புதிதாக வேலி போட்டிருக்கிறதா, கண்ணி வைத்த தடம் இருக்கிறதா, டிப்பர் ரயர் அடையாளம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நடப்பது. மிச்சம் பேச்சும் எழுத்தும். பிரதேச செயலகத்தில் கூட்டம், நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு, மீனவர் சங்கத்தோடு பேச்சுவார்த்தை, கொழும்புக்கு அறிக்கை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு யானை ஊருக்குள் இறங்கிவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அங்கே ஓட வேண்டும். ஆள் பற்றாக்குறை எப்போதும் இருப்பதுதான். அவ்வளவு பெரிய பரப்பை ஒரு வாகனத்தோடு சுற்றி முடிக்கிற சிலர்தான் இந்த இடங்களின் காவல் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதையும் கவலையும் சேர்ந்தே வருகின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை எது?

தண்ணீர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வில்பத்துவிலோ யாலவிலோ கேட்டால் வேறு பதில் வரக்கூடும். எங்கள் பக்கம் காடு குறைவு, ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான். எங்கள் வனவளம் முழுக்க ஆழம் குறைந்த நீரில் இருக்கிறது. அந்த நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது, எவ்வளவு உப்பு, எந்த மாதத்தில் வடிகிறது என்பவைதான் எந்த உயிர் வரும், எது வராது என்பதை முடிவு செய்கின்றன.

ஒவ்வொரு பறவைக்கும் ஓர் ஆழம் இருக்கிறது. சின்ன உள்ளான்களுக்கு நீர் விரலளவு நின்றால் போதும், சேறு மெதுவாக இருக்க வேண்டும். பவளக்காலியும் கருவால் மூக்கனும் கொஞ்சம் ஆழத்தில் நிற்கும். பூநாரை இன்னும் உள்ளே போய், தலையைக் கவிழ்த்து அலகால் நீரை அரித்துச் சாப்பிடும். கூழைக்கடாவுக்கு மீன் ஓடுகிற நீர் வேண்டும். நீர்மட்டம் ஒரு சாண் கூடினால் உள்ளான்களுக்கு அந்த இடம் இல்லாமல் போய்விடும். ஒரு சாண் முந்தி வடிந்தால் சேறு காய்ந்து வெடித்துவிடும், புழுவும் சிறு இறாலும் இல்லை.

சரி, அந்த நீர்மட்டம் ஆர் கையில்? இயற்கையின் கையில் மட்டும் இல்லை. சுண்டிக்குளம் நீரேரி ஒருகாலத்தில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியோடு தொடுத்திருந்தது. ஆனையிறவில் வீதிக்கும் ரயிலுக்கும் அணை போட்ட பிறகு அது கிட்டத்தட்ட ஒரு ஏரி மாதிரி ஆகிவிட்டது. தெற்கிலிருந்து கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் அதற்குள் நன்னீர் கொண்டுவருகின்றன. கனகராயன் ஆற்றைத்தான் மேலே இரணைமடுக் குளம் மறித்து நிற்கிறது. ஆக, இரணைமடு நிரம்பி வான் பாய்வதும் பாயாததும் கீழே பறவைகளின் சாப்பாட்டைத் தொடுகிறது. வன்னியில் நெல்லுக்கு எடுக்கிற முடிவு ஒன்று சுண்டிக்குளத்துச் சேற்றில் வந்து முடிகிறது.

தொண்டைமானாற்றில் கதை இன்னும் இறுக்கம். சந்நிதிக்குப் பக்கத்தில் கடலும் நீரேரியும் சேரும் இடத்தில் தடுப்பணைக் கதவுகள் இருக்கின்றன. அரியாலைப் பக்கம் உப்பாற்றுக்கும் அப்படி ஓர் அணை. குடாநாட்டு மழைநீரைக் கடலுக்கு விடாமல் பிடித்து, உப்பைக் குறைத்து, கிணறுகளை நன்னீராக்குவது அதன் நோக்கம். எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கிறது, கடல்நீர் அதற்குள் சுலபமாக ஏறும். ஆகவே கமக்காரர் கதவு மூடியிருக்க வேண்டும் என்பார்கள். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வர வேண்டும், கதவைத் திற என்பார்கள் தொழிலுக்குப் போகிறவர்கள். வீதி வெள்ளத்தில் போகிறது, உடனே திற என்பார்கள் கரையில் வீடு உள்ளவர்கள். மூன்று பேர் கேட்பதும் நியாயம்தான். பறவைக்காக வாய் திறக்க அந்தக் கூட்டத்தில் நாலாவதாக ஒருவர் வேண்டும். நல்ல சரணாலயப் பராமரிப்பு என்று நான் நினைப்பது அந்த நாலாவது கதிரையில் ஆள் இருப்பது. கதவை ஒரே நாளில் முழுக்கத் திறக்காமல், தையிலிருந்து பங்குனி வரைக்கும் நீர் மெல்ல மெல்ல வடிய விட்டால், ஒவ்வொரு கிழமையும் புதிதாக ஒரு சேற்று விளிம்பு வெளியே வரும். வடக்கே திரும்பிப் போக முன் பறவைகள் உடம்பு தேற்றுகிற மாதங்கள் அவை. அந்த மெல்லிய வடிதலால் கமக்காரருக்கும் பெரிதாகக் கெடுதல் இல்லை.

பூநாரைகள் எப்போது வரும்? எங்கே பார்க்கலாம்?

வலசைப் பறவைகள் ஐப்பசியில் இறங்கத் தொடங்கும், சித்திரையில் போய்விடும். மத்திய ஆசியா, சைபீரியா என்று தூரத்திலிருந்து வருபவையும் உண்டு. பூநாரை, அதாவது பிளமிங்கோ, வருடத்துக்கு வருடம் இடம் மாற்றும். மன்னார், சுண்டிக்குளம், ஆனையிறவு, அரியாலை என்று நீர் எங்கே தோதாக இருக்கிறதோ அங்கே நிற்கும். மாசி, பங்குனி நல்ல காலம். "இந்த வருடம் ஏன் வரவில்லை?" என்று செய்திகளில் கேட்பார்கள். பெரும்பாலும் வந்திருக்கும், வேறு நீரேரியில் நிற்கும்.

பூநாரையை மட்டும் தேடி வராதீர்கள் என்றும் சொல்ல ஆசை. ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒரேயடியாக எழும்பித் திரும்பும்போது அந்த வெள்ளை வயிறுகள் பளிச்சிடுவதை ஒருதரம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நாங்கள் கண்டல் நட வரலாமா? எங்கள் பாடசாலை / நிறுவனம் தயார்.

இதுதான் அதிகம் வரும் கேள்வி. மனம் நோகாமல் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வியும் இதுதான்.

இலங்கையில் கண்டல், அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் கரையோர மரங்கள், நடுகை நடந்த 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில், ஒழுங்காகத் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழை நட்டவர்களின் மனதில் இல்லை. இடம் பிழை, இனம் பிழை, நட்ட பிறகு திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

எங்கள் கரையில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நடுகைக்கு ஒரு நாள் குறிப்பார்கள். பஸ் வந்து நிற்கக்கூடிய, வெறுமையாகத் தெரிகிற ஒரு சேற்றுவெளியைத் தேர்ந்தெடுப்பார்கள். கையில் கிடைப்பது ஒரு வகைக் கண்டலின் நீளக் காய், குத்துவதற்கு லேசு, படத்துக்கும் அழகு. அந்தச் சேறு ஏன் வெறுமையாக இருக்கிறது? கண்டலுக்கு அது அளவுக்கு மிஞ்சிய தாழ்வு, அல்லது கோடையில் உப்புப் படிந்து வெடிக்கிற இடம். நட்டது பட்டுப்போகும். ஒருவேளை பிடித்துவிட்டால் இன்னொரு நட்டம்: உள்ளான்கள் மேய்ந்த திறந்த வெளி போய்விடும். வெறும் சேறு பாழ் நிலம் இல்லை. குளிர்காலப் பறவைக்கு அதுதான் சோற்றுப்பானை.

எங்கள் பரவைக் கடலோரத்தில் இயல்பாக நிற்பது பெரும்பாலும் கண்ணா என்ற கண்டல் மரம். ஒரு கிளையைப் பிடித்து இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை, வெயில் ஏறிய நேரத்தில் அதில் உப்பு மணி மணியாகப் படிந்திருக்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் தெரியும். வேரால் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே தள்ளிவிடுகிறது. கீழே பார்த்தால் சேற்றிலிருந்து பென்சில் முனை மாதிரி நூற்றுக்கணக்கில் மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். அதை மிதித்துக்கொண்டு பக்கத்தில் கன்று நடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கண்ணா தானாக முளைக்கும். வெட்டாமல், மாடு வந்து கடிக்காமல், நீர் வந்து போகிற வாய்க்கால் தூராமல் பார்த்துக்கொண்டால் போதும், சில மாரிகளில் காடு தானாகக் கூடும்.

ஆகவே நீங்கள் வரலாம். மண்வெட்டியோடு வாருங்கள். வீதி போட்டபோது அடைபட்ட மதகு ஒன்றைத் துப்புரவாக்கித் தந்தால், ஆயிரம் கன்று நட்டதைவிடப் பலன் உண்டு. பனையடியில் இருந்து பொலித்தீன் பொறுக்கித் தந்தாலும் சரி. கட்டாயம் நடத்தான் வேண்டும் என்றால், முன்பு கண்டல் நின்று வெட்டுப்பட்ட இடமாகப் பாருங்கள், மூன்று வருடம் வந்து பார்ப்பதாக எழுதித் தாருங்கள்.

மீன்பிடிப்பவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் வெளியே போடாமல் எப்படிக் காப்பது?

வெளியே போடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். குருநகர், பாஷையூர், நாவாந்துறை, அரியாலை என்று பரவைக் கடலை நம்பிச் சீவிக்கும் ஊர்கள் பறவைச் சரணாலயங்களுக்கு முந்தியவை. களங்கட்டி என்ற பொறி வைப்பதும் வீச்சுவலை எறிவதும் இந்த நீரோடு பழகி வந்த தொழில். தங்கள் கரையில் நீர் நிறம் மாறினால் முதலில் கண்டுபிடிப்பது அவர்கள். பட்டி மாடு தரவையில், அதாவது திறந்த புல்வெளியில், மேய்வதும் அப்படித்தான். அளவாக மேய்ந்தால் புல் கட்டையாக இருக்கும், ஆட்காட்டியும் வானம்பாடியும் அங்கே நிற்கும். மேய்ச்சலை முழுக்க நிறுத்திப் பற்றை ஏறவிட்டால் அந்தப் பறவைகள் போய்விடும்.

கேடு வேறு இடத்தில் இருக்கிறது. தங்கூசி என்ற ஒற்றை நைலோன் இழை வலை சட்டப்படி தடை, ஆனாலும் பாவிக்கிறார்கள். கிழிந்த துண்டைக் கரையில் எறிந்தால் அது உக்காது, வருடக்கணக்கில் கால்களைப் பிடிக்கும். இழுவை வலை சாதாழையை வேரோடு கிளப்பும். சாதாழை என்பது கடலடிப் புல்வெளி. இறாலும் நண்டும் குஞ்சாக ஒதுங்குவது அதற்குள், ஆவுளியா என்ற கடற்பசு மேய்வதும் அதில்தான். பாக்கு நீரிணையிலும் மன்னார்க் கடலிலும் எஞ்சியிருக்கும் சில ஆவுளியாக்களுக்கு அந்தப் புல் இல்லாவிட்டால் வேறு உணவே இல்லை. இதில் மீனவருடைய நலனும் சரணாலயத்தின் நலனும் ஒன்றுதான். சங்கத் தலைவர்களோடு தேநீர்க் கடையில் இருந்து பேசினால் இது விளங்காமல் போனதாக நான் காணவில்லை. சீருடையோடு வந்து தண்டப் பத்திரம் நீட்டினால்தான் பேச்சு முறிகிறது.

எங்கள் காணி வரைபடத்தில் பூங்காவுக்குள் வருகிறது. எடுத்துவிடுவார்களா?

இந்தப் பயம் வெறும் வதந்தி இல்லை. இடம்பெயர்ந்து, உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைத்து, வருடங்கள் கழித்துத் திரும்பிய சனத்தின் கண் முன்னால் புதிய எல்லைக்கல் நின்றது. பற்றை வளர்ந்து கிடந்த வயலைக் காடு என்று எண்ணியும் எல்லை கீறினார்கள் என்று பல ஊர்களில் சொல்கிறார்கள். சட்டப்படி தேசியப் பூங்கா அரச காணியில்தான் அமையலாம் என்று மேலே சொன்னேன். உங்களிடம் உறுதி இருந்தால் திருத்த வேண்டியது எல்லையை. வர்த்தமானியின் எல்லை விவரத்தை எடுத்து, நில அளவையாளரைக் கொண்டு உங்கள் காணியோடு ஒப்பிட்டு, கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இயற்கைமீது அக்கறை உள்ளவர்கள் இந்த மனுக்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். காணி இழந்தவனின் கோபம் கடைசியில் அந்தப் பூங்காவிலுள்ள மரத்தின் மேலும் விலங்கின் மேலும்தான் இறங்கும்.

நெடுந்தீவுக் குதிரைகள் காட்டு விலங்கா?

இல்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்தவற்றின் வழிவந்து, கட்டவிழ்ந்து திரியும் மட்டக்குதிரைகள். ஆனாலும் இத்தனை தலைமுறையாகத் தாமாகவே சீவித்துவிட்டதால் இப்போது அவற்றைத் தீவின் உயிர்களாகத்தான் பார்க்க வேண்டும். பெரிய பிரச்சினை ஆடி, ஆவணிக் கோடை. குட்டைகள் வற்றி, மாடும் குதிரையும் ஒரே சேற்றுத் தண்ணீருக்கு முட்டும். குட்டிகள் அப்போதுதான் சாகின்றன. பழைய கேணிகளையும் துரவுகளையும் தூர்வாரி வைப்பதும், கோடையில் தொட்டிகளுக்கு நீர் ஊற்றுவதும் பயனுள்ள வேலை. படத்துக்காகத் துரத்துவதும் பாண் கொடுப்பதும் வேண்டாம். வெயிலில் ஓடிய குதிரைக்கு அந்தத் தீவில் ஓடித் தணிய நிழல்கூடக் கொஞ்சம்.

மணற்காட்டு மணல் மேடுகளில் என்ன இருக்கிறது காப்பதற்கு?

மணல் மேடு ஒன்றின் மேல் ஏறி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். இராவணன் மீசை முள்ளுருண்டைகளாகக் கிடக்கும், அடம்பன் கொடி ஊதாப் பூவோடு கடல் வரை ஓடியிருக்கும். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாங்கள் சும்மா சொல்லவில்லை. மேட்டுக்கு அடியில் மழைநீர் தேங்கி நிற்கிறது, கரையோரக் கிணறுகள் அதை நம்பி இருக்கின்றன. 2004 சுனாமியில் வடமராட்சி கிழக்கு பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு உயரமான மணலின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரவில் டிப்பரும் உழவு இயந்திரமும் வந்து அள்ளுவதுதான் கவலை. மணல் எடுக்கப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும். கட்டடம் கட்டுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்த லோட் எங்கே ஏற்றியது, அனுமதிப்பத்திரம் காட்டு." வாங்குகிறவர் கேட்காத வரைக்கும் பொலிஸ் எத்தனை பேரைப் பிடித்தாலும் அது நிற்காது.

கோடையில் நீரேரி காய்ந்து கிடக்கும்போது அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் என்ன?

வைகாசி, ஆனியில் ஆட்காட்டி, பவளக்காலி, சின்ன ஆலா எல்லாம் அந்த வெறும் நிலத்தில்தான் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இருக்காது. சிப்பித் துண்டு நாலைந்துக்கு நடுவில், சேற்று நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு மூன்று நாலு முட்டை. காலடியில் இருந்தாலும் தெரியாது. ஆட்காட்டி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் நின்ற இடத்தில் நில்லுங்கள், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

தெருநாய்களும் இதே முட்டைகளைத் தேடித் தின்னும். மீன் கழிவையும் கோழிக் கழிவையும் கரையில் கொட்டுவதை நிறுத்தினால் நாய்கள் அங்கே கூடாது.

காயப்பட்ட பறவையைக் கண்டால்?

தை மாதத்தில் இது அதிகம், பட்டம் விடும் நூலும் தங்கூசியும் காரணம். முதலில் ஒரு துவாயை மெதுவாக மேலே போட்டுக் கண்ணை மறையுங்கள். இருட்டானால் பறவை அடங்கும். கொக்கோ நாரையோ ஆனால் அலகை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், அது நேரே உங்கள் கண்ணைத்தான் குத்தும். மூக்குத் துவாரத்தைப் பொத்திவிட வேண்டாம். நூலை இழுக்காதீர்கள். அது தோலை அறுத்து உள்ளே போயிருக்கும். சின்னக் கத்தரிக்கோலால் கட்டு விழுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வெட்டி, துண்டு துண்டாக எடுங்கள். கால் வீங்காமல், நிற்கிறது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். இரத்தம் கசிந்தால், செட்டை தொங்கினால், காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வைத்து வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். தண்ணீரை வாய்க்குள் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்ச் செத்துவிடும்.

உடும்பு இறைச்சி, ஆமை இறைச்சி பற்றி?

இலங்கைக் கரைக்கு வரும் கடலாமை ஐந்து இனமும் சட்டத்தால் காக்கப்பட்டவை. பிடித்தாலும் வைத்திருந்தாலும் விற்றாலும் குற்றம். உடும்பும் அப்படித்தான். "மருந்துக்கு" என்று சொல்வது நீதிமன்றத்தில் எடுபடாது.

சுண்டிக்குளம், நாகர்கோவில் பக்கம் நடந்து போவது பாதுகாப்பா?

வழக்கமான தடத்தில் போகலாம். அந்தக் கரையும் முகமாலைப் பக்கமும் போர் முன்னரங்காக இருந்தவை. முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்கில் நடந்தது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை எங்கே கண்டாலும் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள், எவ்வளவு அரிய பறவை நின்றாலும். மழை மண்ணை அரித்து வெளியே கொண்டுவரும் இரும்பு எதையும் தொட வேண்டாம்.

ட்ரோன் பறக்க விடலாமா?

பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் முடியாது. வெளியேயும் கூட்டத்துக்கு மேல் விடாதீர்கள். பருந்து என்று எண்ணி ஆயிரக்கணக்கில் எழும்பும், மேய்ந்து சேர்த்த கொழுப்பு அந்தப் பறப்பில் வீணாகும்.

இந்த வேலையில் சேர என்ன படிக்க வேண்டும்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல், தாவரவியல், கடற்றொழில் படிப்பவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. திணைக்களப் பதவிகளுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், போட்டிப் பரீட்சை உண்டு. பயிற்சி பெரும்பாலும் கிரித்தலையில். சிங்களமும் வேண்டியிருக்கும், முந்தியே படித்து வையுங்கள். வடமராட்சி கிழக்கிலும் நெடுந்தீவிலும் பிறந்த பிள்ளைகள் அந்தச் சீருடையைப் போட வேண்டும் என்பது எனது பெரிய ஆசை. கரையில் நிற்கிற பெரியவரை "அப்பு" என்று கூப்பிட்டுப் பேசக்கூடிய உத்தியோகத்தரால் பாதி வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமலே தீரும்.

பதவி இல்லாமல் நான் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர்க் குளத்தை நிரப்ப விடாதீர்கள். கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, வளவாக்கி, பத்து வருடத்தில் "இங்கே ஒரு குளம் இருந்தது" என்று சொல்கிற இடங்கள் நகரத்தைச் சுற்றி எத்தனையோ. ஆவுரஞ்சிக்கல், அதாவது மாடு உடம்பை உரஞ்ச நட்ட கல், நிற்கிற தரவை எங்கே இருந்தாலும் அது மாட்டுக்கும் பறவைக்கும் பொதுவாக முன்னோர் விட்ட இடம். அளந்து, பிரதேச சபைப் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், எண்ண வாருங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. ஒரு நீரேரி கெட்டுவருகிறது என்று அதிகாரிகளிடம் வாதாட எங்கள் கையில் இருக்கிற ஒரே பலமான ஆதாரம் இந்த எண்ணிக்கைதான். பெயர் தெரியாத பறவையை "சின்ன உள்ளான், இனம் தெரியாது" என்று எழுதினால் போதும், ஊகித்து எழுத வேண்டாம். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குங்கள், சூரியனை முதுகில் வைத்து நில்லுங்கள். பெரிய கூட்டமானால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, பத்துப் பத்தாக நகருங்கள். இருவர் தனித்தனியே எண்ணி, முடிந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு எண்ணும் மிகத் தூரமாக இருந்தால் கூட்டம் எழும்ப முன் இன்னொரு தரம் எண்ணுங்கள். நேரம், நீர்மட்டம், காற்று, அன்று கதவு திறந்திருந்ததா என்பதையும் அங்கேயே நின்று எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விடாதீர்கள்.